உளவளத்துணையாளர் யாருக்குப் பதில் சொல்பவர்? மட்டக்களப்பின் வேலைத்தளங்களும் மனநலமும்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 10ஆம் திகதி உலக மனநல தினம். 2024இல் அந்நாளுக்கெனத் தெரிவு செய்யப்பட்ட தொனிப்பொருள், வேலைத்தளத்தில் மனநலம். இத்தகைய நாட்களில் மட்டக்களப்பில் என்ன நடக்கும் என்பதை இங்கு அலுவலகமொன்றில் வேலைசெய்த எவரும் சொல்லிவிடுவார்கள். பதாகை கட்டப்படும். வளவாளர் ஒருவர் வருவார். ‘மன அழுத்தத்தை முகாமை செய்தல்’ என்ற தலைப்பில் இரண்டு மணித்தியாலச் செயலமர்வு. மூச்சுப் பயிற்சி, பலூன் விளையாட்டு, ரோல்ஸும் தேநீரும். முடிவில் வளவாளர், “உங்களில் யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் தனியாக வந்து கதைக்கலாம்” என்பார். ஒருவரும் போவதில்லை. குழுப்படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

ஏன் போவதில்லை? ‘எங்கட சனத்துக்கு இன்னும் விழிப்புணர்வு காணாது’ என்பது வழமையான பதில். அது பாதி உண்மைதான். கூச்சம் இருக்கிறது, ‘விசர்’ என்ற சொல்லின் மீதான பயமும் இருக்கிறது. ஆனால் போகாமல் இருப்பவரின் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நான் இவரிடம் சொல்வது நாளைக்கு யாருடைய மேசைக்குப் போகும்? இதை அறியாமை என்று சொல்ல முடியாது. வேலைத்தளத்தில் உளவளத்துணை வழங்கப் புறப்படும் எந்த நிறுவனமும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஆளைக் கொண்டுவருவதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உளவளத்துணை என்றால் என்ன என்பதிலேயே நம்மிடம் குழப்பம் உண்டு. புத்திமதி சொல்வது உளவளத்துணை ஆகாது. ‘பொறுத்துப் போங்கோ, பிள்ளைகளை யோசியுங்கோ’ என்று சொல்வதற்கு வீட்டில் பெரியம்மா இருக்கிறார், கோயிலில் ஐயர் இருக்கிறார், பள்ளிவாசலில் மௌலவி இருக்கிறார். பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நேரத்தில், மூடிய கதவுக்குள், தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, வந்தவர் தன் நிலைமையைத் தானே பிரித்துப் பார்க்கவும் அடுத்த அடியைத் தானே தீர்மானிக்கவும் துணைநிற்பதே உளவளத்துணை. பெரும்பாலும் முக்கால் மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரையான சில அமர்வுகள். மருந்து கொடுப்பது இதில் இல்லை. அது மனநல மருத்துவரின் வேலை.

இலங்கையில் இதற்கு இரண்டு அரச வழிகள் இருக்கின்றன. ஒன்று சுகாதாரத் துறை வழி: வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகள், மனநலத்துக்கான மருத்துவ உத்தியோகத்தர்கள், வெளிக்கள கிளினிக்குகள். மற்றையது பிரதேச செயலக வழி: அங்கு பணிபுரியும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள். இவை இரண்டும் வேலைத்தளத்துக்கு வெளியே இருப்பவை. வேலைத்தளத்துக்கு உள்ளே ஒருவரை இருத்துவது மூன்றாவது வழி. நம் ஊருக்கு அது புதிது. உலகத்துக்குப் புதிதல்ல.

அமெரிக்காவில், சிக்காகோ நகரை அண்டியிருந்த வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோத்தோர்ன் தொழிற்சாலையில் 1936ஆம் ஆண்டிலேயே இது தொடங்கிவிட்டது. தொலைபேசி உபகரணங்கள் செய்த பென்னம்பெரிய தொழிற்சாலை அது. உளவளத்துணையாளர்கள் அறையில் உட்கார்ந்திருக்கவில்லை; வேலை நடக்கும் இடத்தில் சுற்றிவந்து தொழிலாளர்களோடு கதைத்தார்கள். மேற்பார்வையாளர்களின் அதிகாரச் சங்கிலியில் அவர்கள் இல்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது உறுதிமொழி. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அதன் அடிப்படையில் ஒரு கோணல் இருந்தது. ஒரு தொழிலாளி ‘மேற்பார்வையாளர் அநியாயம் செய்கிறார்’ என்றால், அந்த அநியாயம் உண்மையா என்று பார்ப்பது உளவளத்துணையாளரின் வேலையாக இருக்கவில்லை. அந்த மனக்குறையைப் பேசித் தீர்க்க வைப்பதே அவருடைய வேலை. முறைப்பாடு உணர்ச்சியாக மாற்றப்பட்டது. உணர்ச்சி ஆறிவிட்டால் விடயம் முடிந்தது. தொழிற்சங்கங்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. 20 ஆண்டுகள் நடந்த திட்டம் 1956இல் கைவிடப்பட்டது.

இந்தப் பழைய கதையை இங்கு சொல்லக் காரணம், இன்று நம்மிடம் வரும் பல திட்டங்களிலும் அதே கோணல் இருப்பதுதான். சம்பளம் போதவில்லை என்பவருக்கு மூச்சுப் பயிற்சி. இரவு ஒன்பது மணிக்கும் வட்ஸ்அப்பில் வேலை வருகிறது என்பவருக்கு ‘நேர முகாமை’. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, மாதச் சம்பளக்காரர்களின் கவலைக்கு உளவியலில் விளக்கம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

பேசாமல் இருக்கப் பழகிய நிலம்

அமெரிக்கத் தொழிற்சாலையில் இல்லாத இன்னொன்று மட்டக்களப்பில் இருக்கிறது. இங்கு மௌனம் என்பது கூச்சத்தால் வந்த பழக்கம் மட்டுமல்ல. உயிரைக் காப்பாற்றிய பழக்கம்.

1987 ஜனவரி 28ஆம் திகதி படுவான்கரையின் மகிழடித்தீவில், வாவியை அண்டியிருந்த இறால் பண்ணையில் வேலைசெய்தவர்களும் சூழவுள்ள கிராமத்தவர்களும் விசேட அதிரடிப்படையினரால் கொல்லப்பட்டார்கள். கொக்கட்டிச்சோலைப் படுகொலை என்று நினைவுகூரப்படும் அந்தக் கொலை நடந்த இடம் ஒரு வேலைத்தளம். 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில், பட்டினிக்கெதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். அந்தக் காலத்தில் வேலைக்குப் போய்வந்தவர்கள்தான் இன்று பல அலுவலகங்களில் மூத்த உத்தியோகத்தர்கள். யாரிடம் எதைச் சொல்வது, எந்தக் கோப்பில் எந்தப் பெயர் இருப்பது என்பவை உயிரோடு சம்பந்தப்பட்ட விடயங்களாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்களிடம், ‘மனம்விட்டுப் பேசுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதில் தமிழ், முஸ்லிம் என்ற இரண்டு பக்கமும் உண்டு. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி தொழுகையில் இருந்தவர்கள் புலிகளால் கொல்லப்பட்ட நினைவும், அதே ஆண்டு செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராத நினைவும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருக்கக்கூடும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. சிறுவர்கள் பலரும் அதில் இறந்தார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் அன்று கடமையில் இருந்த தாதியர்களும் சிற்றூழியர்களும் எல்லாச் சமூகத்தையும் சேர்ந்தவர்கள். அதன் பிறகான மாதங்களில் சக ஊழியரைப் பார்க்கும் பார்வை மாறியது பற்றிப் பேச ஒரு முஸ்லிம் ஊழியருக்குத் தமிழ் உளவளத்துணையாளர் போதுமா? மறுபக்கமாகவும் கேட்கலாம். ஒரே ஒருவரை நியமித்துவிட்டு ‘சேவை இருக்கிறது’ என்று எழுதும் நிறுவனங்கள் இந்த இடத்தில் தடுக்கி விழும்.

அடுத்தவரின் துயரத்தைக் கேட்பதே தொழிலாக இருப்பவர்களின் நிலை தனியானது. தொண்டு நிறுவனக் களஉத்தியோகத்தர், குடும்பநல மாது, கிராம உத்தியோகத்தர், ஆசிரியர், காணாமல் போனோரின் குடும்பங்களோடு வேலைசெய்பவர் எல்லோரும் பகல் முழுக்க மற்றவர்களின் கதையைக் கேட்டுவிட்டு, அதே கதை தங்கள் வீட்டிலும் இருக்கத்தக்கதாகத் தூங்கப் போகிறவர்கள். வன்னியில் பணியாற்றிய உள்ளூர் மனிதநேயப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும், ஐவரில் ஒருவருக்கு அண்மித்து மனவடு நெருக்கீட்டு அறிகுறிகளும் இருந்ததாகக் கண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணியாளருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஓய்வு விடுமுறை, திரும்பிப் போனதும் உளவியல் உதவி. உள்ளூர்க்காரருக்கு மாதாந்தக் கூட்டம். இந்த வேறுபாடு யுத்த காலத்தில் கிழக்கிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சுனாமி கற்றுத் தந்தது

நம்மிடம் அனுபவமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மனநல விடயத்தில் மட்டக்களப்பு இலங்கையின் பல மாவட்டங்களைவிட முன்னே நடந்த ஊர். 1996இல் இங்கு தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுவந்து மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாட விட்டது. அதன் பின்னால் நின்ற யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார், உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டவர். மனநல மருத்துவர் மகேசன் கணேசன், யுத்தத்தின் நடுவே மாவட்டத்துக்கு ஒரே மனநல மருத்துவராக இருந்து, வைத்தியசாலைக் கட்டடத்தை விட்டுக் கிராமங்களுக்குச் சென்று சேவையைக் கட்டியெழுப்பியவர். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் வன்முறைக்குள்ளான பெண்களுக்குப் பல ஆண்டுகளாகத் துணைநின்று வருகின்றன.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடந்த நாவலடி துடைத்தெறியப்பட்டது. அடுத்த வாரங்களில் உலகெங்குமிருந்து உளவளத்துணையாளர்கள் வந்து இறங்கினார்கள். மொழி தெரியாமல், ஊர் தெரியாமல், ஒரு தடவை உட்கார்த்தி ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அனர்த்தம் நடந்த உடனேயே ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பலன் தராது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பது அப்போதே ஆய்வுகளில் தெரிந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அதை ஊக்குவிக்கவில்லை. மட்டக்களப்பில் இந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குள் கொண்டுவர உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து உளசமூக இணைப்பு அலகொன்றை உருவாக்கின. கண்டற் செடியின் ஆங்கிலப் பெயரான ‘மங்ரோவ்’ என்பதே அதன் பெயர். வாவிக்கரையைப் பிடித்து வைத்திருக்கும் செடியின் பெயர் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

வேலைத்தளங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நேரடியான பாடம் ஒன்று உண்டு. ஒரு மரணமோ விபத்தோ நடந்த மறுநாள் எல்லா ஊழியர்களையும் ஒரு மண்டபத்தில் இருத்திக் கட்டாயமாகப் பேசவைக்கக் கூடாது. அந்த நேரத்தில் வேண்டியது உளவியல் முதலுதவி: பாதுகாப்பான இடம், சாப்பாடு, வீட்டாரோடு தொடர்பு, சரியான தகவல், பேச விரும்புபவர் பேசக்கூடிய ஓர் ஆள், பேச விரும்பாதவரை விட்டுவிடும் பொறுமை. இதை உளவளத்துணையாளர்தான் செய்ய வேண்டுமென்றில்லை. ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சியோடு அலுவலகத்தின் சாரதியும் செய்யலாம், கணக்காளரும் செய்யலாம்.

குடியும் கோப்பும்

இனி அந்த முதற்கேள்விக்கு வருவோம். இரகசியம் காப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாவியோரத்துச் சமூகத்தில் அது எப்படி நடக்கும்?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டு கரையிலும் குடிவழி உறவு அறுபடாமல் கிடக்கிறது. மணமுடித்த மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகன் அங்கு வந்து வாழும் வழக்கத்தால், ஒரு தெருவில் அக்கா தங்கைகளும் பெரியம்மா சின்னம்மாக்களும்தான் அயலவர். இப்படியான ஊரில் நியமிக்கப்படும் உளவளத்துணையாளர், வருபவரின் புருசனுக்கு ஒன்றுவிட்ட அக்காவாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அவர் வாயைத் திறக்காதவராகவே இருக்கலாம். ஆனால் கலியாண வீட்டில் அவர் முன்னால் சாப்பிட உட்காரும்போது வருபவருக்குச் சோறு இறங்குமா?

ஆகவே இங்குள்ள நிறுவனங்களுக்கு உள்வீட்டு உளவளத்துணையாளரைவிட வெளியாள் பொருத்தம் என்பது என் கணிப்பு. நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து இரண்டு மூன்று பேரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவர்களில் ஒருவர் பெண், ஒருவர் முஸ்லிம், ஒருவராவது வெளி மாவட்டத்துக்காரர் என்று இருந்தால் வருபவருக்குத் தெரிவு கிடைக்கும். அமர்வு நடக்கும் அறை அலுவலகத்துக்குள் இருக்கக் கூடாது. மனிதவளப் பிரிவுக்குப் பக்கத்து அறையில் ‘உளவளத்துணை’ என்று பெயர்ப்பலகை போட்டால், கதவைத் திறப்பவரை முழு அலுவலகமும் பார்க்கும். தொலைபேசியில் கதைக்கலாமே என்பார்கள். வீட்டில் தனியறை இல்லாதவருக்குத் தொலைபேசியும் பொது இடம்தான்.

பிறகு கோப்பு. நிறுவனம் காசு கொடுக்கிறது என்பதற்காகக் கோப்பு நிறுவனத்தின் சொத்தாகிவிடாது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குப் போகக்கூடியது எண்ணிக்கை மட்டும்: இந்தக் காலாண்டில் இத்தனை அமர்வுகள். அதிலும் கவனம் வேண்டும். ஆயிரம் பேர் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ‘குடும்ப வன்முறை தொடர்பாக நால்வர் வந்தனர்’ என்று அறிக்கை போட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 18 பேர் வேலைசெய்யும் அலுவலகத்தில் ‘ஒருவர் வந்தார்’ என்றாலே போதும், தேநீர் வேளைக்குள் பெயர் தெரிந்துவிடும். சிறிய இடங்களில் ஆண்டுக்கு ஒரு தடவை, பல நிறுவனங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து அறிக்கையிடுவதே பாதுகாப்பு.

இரகசியம் எங்கு முறியும் என்பதையும் முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். வந்தவரின் உயிருக்கோ இன்னொருவரின் உயிருக்கோ ஆபத்து என்றால், சிறுவர் ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்றால், உளவளத்துணையாளர் தனக்குள் வைத்திருக்க முடியாது. அப்போதும் சொல்ல வேண்டியது வைத்தியசாலைக்கோ உரிய அதிகாரிக்கோதான். முகாமையாளருக்குச் சொல்வதற்கு அதில் எந்தக் காரணமும் இல்லை.

தலையிடிக்குப் பின்னால்

வேலைத்தளம் என்ற சொல்லே மாவட்டத்தின் பெரும்பகுதி உழைப்பாளர்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாவியில் வலைவீசுபவர், படுவான்கரை வயலில் நாட்கூலிக்குப் போகிறவர், வளைகுடாவில் யாரோ ஒருவரின் சமையலறையில் நிற்கும் பெண் ஆகிய எவருக்கும் மனிதவளப் பிரிவு கிடையாது. இவர்களுக்குப் பொதுச் சேவைதான் வழி. அதனால் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு, பொதுச் சேவையிலிருந்து இருக்கிற சில பயிற்சி பெற்றவர்களையும் இழுத்தெடுப்பதாக அமைந்துவிடக் கூடாது.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை எடுத்துக்கொள்வோம். விடிய முன்னம் எழும்பிச் சமைத்து, பஸ் பிடித்து, இலக்கத்துக்குத் தைத்து, இருட்டிய பிறகு வீடு வருகிறவர்கள். அப்படி ஒருவர் வைத்தியசாலைக்குப் போனால் ‘மனச்சோர்வு’ என்று சொல்ல மாட்டார். தலையிடி, நாரிப்பிடிப்பு, நெஞ்சடைப்பு, நித்திரையில்லை என்பார். வேறென்ன என்று கேட்டால், “ஒண்டுமில்ல டொக்டர், யோசனதான்” என்பார். அந்த ‘யோசனை’க்குள் நுண்கடன் தவணை இருக்கலாம். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தானே பொறுப்பேற்பதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு இந்தக் கடன் கழுத்தை நெரித்திருந்தது. வேலைசெய்யும் இடத்தின் வாசலிலேயே தவணை அறவிடுபவர் வந்து நின்றால், அவமானம் அங்கேயே தொடங்கும். அறவிட வருபவருக்கும் மேலே ஒரு இலக்கு, ஒரு ஏச்சு இருக்கிறது. அவரும் ஒரு ஊழியர்தான். அவருடைய நிறுவனத்தில் உளவளத்துணை பற்றி யாரும் பேசக் காணோம்.

அல்லது அந்த ‘யோசனை’க்குள் மேற்பார்வையாளர் ஒருவரின் கை இருக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. வேலைத்தளத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்வதும் அதற்குள் அடங்கும். இந்த இடத்தில் உளவளத்துணையாளர் ஹோத்தோர்னின் தவறைச் செய்யக் கூடாது. அழுகையைக் கேட்டு ஆற்றி அனுப்பிவிட்டால், அடுத்த நாள் அதே ஆள் அதே வரிசையில் நிற்பார். முறைப்பாடு செய்யும் வழி என்ன, பொலிஸுக்குப் போனால் என்ன நடக்கும், போகாவிட்டால் என்ன என்பதையெல்லாம் விளங்கப்படுத்தி, தீர்மானத்தை அந்தப் பெண்ணிடம் விட வேண்டும். முறைப்பாட்டுக் குழுவும் உளவளத்துணையும் ஒரே ஆளின் கையில் இருப்பதும் ஆபத்து. விசாரிப்பவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வெளிச்சம், காற்றோட்டம், மலசலகூடம், இயந்திரப் பாதுகாப்பு என்று உடலைப் பற்றிப் பேசுகிறது. மனம் அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வேலைத்தள மனநல வழிகாட்டுதல்கள் வேறு இடத்தில் தொடங்குகின்றன. வேலைப்பளு, நேரம், அதிகாரத் துஷ்பிரயோகம் போன்ற வேலையின் ஆபத்துகளைக் குறைப்பதும், முகாமையாளர்களைப் பயிற்றுவிப்பதும், தனிநபர் உதவியோடு சேர்ந்தே அதில் வருகின்றன. மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்ற கணக்கையும் அதே ஆண்டு அந்நிறுவனமும் சர்வதேச தொழில் தாபனமும் சேர்ந்து சொன்னன. முதலாளிமார் இந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

தனிநபரை மட்டும் திருத்தப் பார்ப்பது எவ்வளவு தூரம் போகும்? ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரித்தானியாவின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் கட்டுரை வெளியிட்டார். மன உறுதிப் பயிற்சி, மனநலச் செயலிகள், தளர்வு வகுப்புகள் போன்றவற்றில் பங்குபற்றியவர்கள், பங்குபற்றாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. இதே பாடம் நமக்கு வேறொரு வழியாக முன்பே கிடைத்தது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. அதற்குப் பின்னான இரு தசாப்தங்களில் அது மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. அதற்குப் பெரும் காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது, மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதைத்தான். ஆட்களின் மனம் மாறும்வரை காத்திருக்காமல், அவர்களைச் சூழ்ந்திருந்த ஒன்றை மாற்றினார்கள். கேட்பவர் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். கேட்பவர் கேட்டதில் பொதுவாக இருப்பது என்னவோ, அது பெயரில்லாமல் நிர்வாகத்துக்குப் போய், பஸ் நேரமோ இலக்கமோ லீவு ஒழுங்கோ மாற வேண்டும்.

யார் கேட்பது என்பதிலும் நாம் பட்டச் சான்றிதழோடு மட்டும் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, கிளினிக் வளவில் மரவாங்கு போட்டு, பயிற்றுவிக்கப்பட்ட பாட்டிமாரை அதில் இருத்தினார். அவர்களிடம் வந்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு சனம் தங்கள் நோய்க்குச் சொல்லும் ஷோனா மொழிச் சொல்லின் பொருள், ‘அளவுக்கு மிஞ்சி யோசித்தல்’. நம் ஊர் ‘யோசனை’யை அந்தப் பாட்டிமாருக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், குடும்பநல மாதர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்து, மேற்பார்வைக்கு ஒரு தேர்ந்த உளவளத்துணையாளரை வைத்தால் சிறிய நிறுவனங்களுக்கும் கட்டுப்படியாகும்.

எதுவுமே இல்லாத இடத்தில் இருப்பவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும், 1333 என்ற கட்டணமற்ற இலக்கமும் இருக்கின்றன. இரண்டிலும் தமிழில் கதைக்கலாம். அலுவலக அறிவித்தல் பலகையில் இவற்றை ஒட்டுவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. பலகையைவிட மலசலகூடக் கதவின் உட்பக்கம் நல்லது. யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன விடயம், ஆனால் பலர் இதிலேதான் நின்றுவிடுகிறார்கள். உளவளத்துணையாளர் ஒருவரை மனநல கிளினிக்குக்கு அனுப்புகிறார். கிளினிக் கிழமை நாளில், காலையில். லீவு வேண்டும். லீவுக்குக் காரணம் எழுத வேண்டும், மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தத் துண்டில் ‘மனநலப் பிரிவு’ என்று முத்திரை இருக்கும். அதைக் கோப்பில் போடும் எழுதுவினைஞர் பக்கத்து ஒழுங்கைக்காரர். இரண்டு மாதம் மருந்து எடுத்தால் சுகமாகக்கூடிய ஒருவர், அந்த முத்திரைக்காகவே மூன்றாம் தடவை கிளினிக்குக்குப் போகாமல் விட்டுவிடுகிறார். மாதத்துக்கு அரை நாள், காரணம் கேட்காத மருத்துவ லீவு என்று ஒரு ஒழுங்கைச் செய்யவும், சான்றிதழில் வைத்தியசாலையின் பெயர் மட்டும் போதும் என்று ஏற்றுக்கொள்ளவும் ஒரு சுற்றறிக்கை போதும்.